மலை முடிந்ததும் திரும்பிவிடாதீர்கள்: ராக்கி மலையிலிருந்து நெப்ராஸ்கா மேய்ச்சல் நிலம் வரை டென்ட் பயணம்

கேள்வி: மே 9, 2025

ஜூன் கடைசியில் டென்வரிலிருந்து டென்ட் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். நானும் மனைவியும், ஒன்பது வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா. ராக்கி மலைத் தேசியப் பூங்கா வரை திட்டம் தயார். அங்கிருந்து வால்டன், வயோமிங், அப்புறம் நெப்ராஸ்கா மணல்மேடுகள் என்று அக்கா ஒருவர் இந்த மன்றத்தில் முன்பு எழுதியிருந்தார். மேப்பில் பார்த்தால் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. மலையைப் பார்த்துவிட்டு வெறும் புல்லைப் பார்க்க ஐந்நூறு மைல் ஓட்டுவது வீண் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

மே 11, 2025, காலை

அந்த அக்கா நான்தான். மறுக்கிறேன்.

மேப்பில் ஒன்றுமில்லை என்றால் ஊர் இல்லை, கடை இல்லை, ஹோட்டல் இல்லை என்றுதான் அர்த்தம். ஆள் இல்லை, வேலை இல்லை என்று அர்த்தமில்லை. மலைப் பூங்காவில் பார்வை மேடை, கழிவறை, பெயர்ப்பலகை எல்லாம் நம்மைப் போன்றவர்களுக்காகவே செய்து வைத்திருக்கிறார்கள். வால்டன் தாண்டினால் அப்படி எதுவும் கிடையாது. அது மாடு வளர்த்துப் பிழைக்கிறவர்களின் நிலம். ஒவ்வொரு வேலிக்கும் தொட்டிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு கடந்து போவதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வழி இதுதான். பூங்காவைக் கடக்கும் டிரெயில் ரிட்ஜ் சாலையில் ஏறி மேற்கே இறங்குங்கள். கிராண்ட் லேக், கிரான்பி. அங்கிருந்து 125ஆம் நெடுஞ்சாலையில் வில்லோ கிரீக் கணவாய் வழியாக வால்டன். வடக்கே வயோமிங்கில் என்கேம்ப்மென்ட், சரடோகா. ஸ்னோயி ரேஞ்ச் மலையைத் தாண்டி லாரமி. பிறகு டாரிங்டன், ஸ்காட்ஸ்பிளஃப், அலயன்ஸ். அலயன்ஸிலிருந்து நெப்ராஸ்காவின் 2ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே ஹால்சி வரை.

தண்ணீரைக் கவனித்துக்கொண்டே போனால் மகளுக்கும் பிடிக்கும். பூங்காவின் மேற்குப் பக்கத்தில் டிம்பர் கிரீக் முகாமுக்குப் பக்கத்தில் ஓடுகிற சின்ன ஆறுதான் கொலராடோ ஆறு. குழந்தைகள் இறங்கி நடந்தே கடக்கிற அளவு. அந்தத் தண்ணீர் மேற்கே போகிறது. மறுநாள் வில்லோ கிரீக் கணவாயைத் தாண்டினால் நீர்ப்பிரிமுகட்டின் மறுபக்கம். அங்கே விழும் மழை நார்த் பிளாட் ஆற்றில் சேர்ந்து, வடக்கே வயோமிங்குக்குப் போய், வளைந்து நெப்ராஸ்காவுக்குள் வருகிறது. நீங்களும் கிட்டத்தட்ட அந்த ஆற்றோடுதான் போகிறீர்கள்.

மே 11, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. மே கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை ராக்கி பூங்காவுக்கு நேரம் குறித்த நுழைவுச் சீட்டு வேண்டும். பூங்காவுக்குள் இருக்கும் பேர் லேக் ஏரிப் பக்கம் போகவில்லை என்றால் காலை 9 மணிக்கு முன்போ மதியம் 2 மணிக்குப் பிறகோ சீட்டு இல்லாமல் நுழையலாம். காலை ஏழரைக்கே நுழைந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் டிரெயில் ரிட்ஜ் உச்சியில் இடியும் மின்னலும் சகஜம். மரமே இல்லாத இடம், ஒதுங்க வழியில்லை.

அப்பா வருகிறார் என்றீர்கள். சாலையின் உச்சி 12,183 அடி. மேலேயுள்ள பார்வையாளர் மையமே 11,796 அடியில் இருக்கிறது. முதல் நாளே டென்வரிலிருந்து நேராக ஏற்றிக்கொண்டு போகாமல், ஒரு ராத்திரி அடிவாரத்து ஊரான எஸ்டஸ் பார்க்கில் தங்கிவிட்டுப் போங்கள். மேலே வண்டியை விட்டு இறங்கினால் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். தலை வலிக்கிறது, வயிறு குமட்டுகிறது என்றால் உடனே கீழே இறங்கிவிடுங்கள். அதற்கு வேறு வைத்தியம் தேட வேண்டாம்.

மே 12

சாப்பாடு பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

ஒன்பதாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. சோறு நடுவில் விறைத்துக்கொண்டு நிற்கும். மூன்று லிட்டர் குக்கர் எடுத்துப் போங்கள். பாசிப்பருப்பும் அரிசியும் ஒன்றாகப் போட்டு, வீட்டில் வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக விட்டால் பொங்கல் நன்றாக வரும். காலை ஆறு மணிக்கு விசில் அடிக்க வேண்டாம், பக்கத்து டென்ட்காரர்கள் பாவம்.

கரடி விஷயத்தில் சலுகையே கிடையாது. சாப்பிட்டு முடித்த கையோடு குக்கர், கரண்டி, எண்ணெய் டப்பா, பற்பசை, சோப்பு எல்லாம் முகாமில் உள்ள இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். பெருங்காயமும் தாளித்த நெய்யும் துணியில் ஏறி ஒட்டிக்கொள்ளும். சமைத்த சட்டையோடு டென்ட்டுக்குள் படுக்காதீர்கள், மாற்றிவிட்டுப் படுங்கள். ஊறுகாய் பாட்டிலை டென்ட் ஓரத்தில் மறந்து வைத்துவிடுவது நம் வீடுகளில் நடக்கக்கூடியதுதான், ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.

மே 14

நார்த் பார்க்.

பெயரைப் பார்த்துப் பூங்கா என்று நினைக்க வேண்டாம். நான்கு பக்கமும் மலை சூழ்ந்த பெரிய வட்டில் போன்ற சமவெளி. நடுவிலுள்ள வால்டன் ஊரே 8,099 அடி உயரம். ஊரில் அறுநூறு பேர் இருந்தால் அதிகம். மலை முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் பார்க்க வேண்டும். வில்லோ கிரீக் கணவாய்க்குத் தெற்கே 2020 அக்டோபரில் பரவிய ஈஸ்ட் டிரபிள்சம் தீயில் கருகிய மரங்கள் இன்னும் கரிக்கோல்களாக நிற்கின்றன. அந்தத் தீ மொத்தம் 1,93,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. கணவாயைத் தாண்டி இறங்கினால் பச்சைக் காடு, அப்புறம் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் ஒரு புதர், சேஜ்பிரஷ், மைல்கணக்கில். அதன் நடுவே ஓடைகளை ஒட்டிப் புல்வெளிப் பட்டைகள்.

அந்தப் புல்வெளியில் ஜூனில் தண்ணீர் தளும்பி நிற்கும். யாரோ மடையை அடைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று தோன்றும். வேண்டுமென்றேதான் பாய்ச்சுகிறார்கள். பனி உருகி வரும் நீரை வாய்க்காலில் திருப்பி வயல் முழுக்கப் படரவிட்டு, புல் வளர்த்து, கோடை நடுவில் அறுத்து உலர்த்திக் கட்டி வைப்பார்கள். குளிர்காலத்தில் நிலம் பனியில் மூடிக் கிடக்கும்போது மாட்டுக்கு அதுதான் தீனி. அங்கே கோடை என்பதே அந்தப் புல்லைச் சேர்ப்பதற்கான அவகாசம்தான்.

அந்தத் தண்ணீரால் கொசு. சும்மா கொசு இல்லை. வால்டன் பக்கத்தில் ஜூன் கடைசியில் அந்தி நேரத்தில் டென்ட் போட்டால் கை முழுக்க மூடிய சட்டை, தலைக்கு வலை எல்லாம் வேண்டும். காற்று வீசும் மேட்டில் டென்ட் போட்டால் பாதித் தொல்லை போகும். கிழக்கே ஸ்டேட் ஃபாரஸ்ட் மாநிலப் பூங்காவில் ரேஞ்சர் லேக்ஸ் முகாம் இருக்கிறது, கொஞ்சம் உயரம், லாட்ஜ்போல் பைன் நிழல். கொலராடோவில் மாநிலப் பூங்கா முகாம்களுக்கு முன்பதிவு கட்டாயம் என்பதை மறக்க வேண்டாம்.

இனி சாலையில் மாடு வரும் விஷயம். வால்டனுக்கு வடக்கே போய்க்கொண்டிருந்தோம். திருப்பத்தில் சாலையின் இருபுறமும் கறுப்பு மாடுகள், கன்றுகளோடு. முன்னால் ஒரு பெண் குதிரையில், பின்னால் ஒரு பையன் நான்கு சக்கர பைக்கில், ஓரத்தில் ஒரு நாய். கணவர் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டார். மாடுகள் வண்டியை உரசிக்கொண்டே போயின. ஒரு கன்று கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று, தாயைக் காணாமல் அடிவயிற்றிலிருந்து கத்தியது. அதன் மூக்கிலிருந்து வந்த மூச்சு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து மெல்லக் கரைந்தது. பின்னாலிருந்து தாய் பதில் கொடுத்ததும் ஒரே ஓட்டம். கடைசியில் வந்த பையன் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

ஹார்ன் அடிக்கக் கூடாது. அவசரப்பட்டு மந்தையைப் பிளந்துகொண்டு போகவும் கூடாது. கன்று ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் பிரிந்துவிட்டால் அவர்களுக்கு அரை நாள் வேலை. குதிரைக்காரர் கையசைத்து வா என்றால் நடை வேகத்தில் நகருங்கள். எதிரே வரும் பிக்அப் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அது வணக்கம். நீங்களும் தூக்குங்கள்.

மே 15

நடுவில் ஒருவர், மூஸ் என்ற பெரிய மான் வகையைப் பற்றி, "மூஸ் சாது, மாடு மாதிரிதான், பக்கத்தில் போய்ப் படம் எடுக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்ப வேண்டாம்.

நார்த் பார்க்கில் 1978இல் மூஸ்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நன்றாகப் பெருகி, இன்று வால்டனைக் கொலராடோவின் மூஸ் தலைநகரம் என்கிறார்கள். கன்றோடு இருக்கும் தாய் மூஸ் கரடியைவிடச் சட்டென்று பாயும். ஜூன் கன்று இருக்கும் காலம். நாய் கொண்டுபோனால் ஓநாய் என்று நினைத்து நாயைத் துரத்தும், நாய் உங்களிடம் ஓடிவரும், பின்னால் மூஸும் வரும். காதைப் பின்னால் மடித்தால், பிடரி மயிர் சிலிர்த்தால், உதட்டை நக்கினால் பின்வாங்கி ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய்விட வேண்டும். படம் வண்டிக்குள்ளிருந்தே எடுக்கலாம்.

மே 18

"அவ்வளவு காலி இடம் கிடக்கிறதே, எங்கே வேண்டுமானாலும் டென்ட் போடலாம்தானே?" இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

தேசியக் காடுகளில் பெரும்பாலும் போடலாம். சாலையை ஒட்டி ஏற்கெனவே பிறர் தங்கிய இடமாகப் பார்த்து, ஓடையிலிருந்து தள்ளி. பொதுவாக 14 நாள் வரை அனுமதி உண்டு. கீழே இறங்கியதும் கதை மாறுகிறது. நார்த் பார்க்கிலும் தெற்கு வயோமிங்கிலும் அரசு நிலமும் தனியார் நிலமும் பின்னிக் கிடக்கின்றன. வயோமிங்கில் ரயில் பாதையை ஒட்டி ஒரு சதுர மைல் அரசுக்கு, அடுத்த சதுர மைல் தனியாருக்கு என்று சதுரங்கக் கட்டம் போலவே இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பாதை போட்ட யூனியன் பசிபிக் கம்பெனிக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நிலம் கொடுத்ததன் மிச்சம் அது.

இதை வைத்து ஒரு பெரிய வழக்கே நடந்தது. சரடோகாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் எல்க் மலை. 2021இல் மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் இரண்டு அரசுக் கட்டங்கள் மூலையில் தொட்டுக்கொள்ளும் இடத்தில், தனியார் நிலத்தில் கால் வைக்காமல், இரும்பு ஏணி போட்டுத் தாண்டினார்கள். நிலத்துக்காரர் அத்துமீறல் என்றார். 2022இல் உள்ளூர் ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. சிவில் வழக்கில் 2025 மார்ச் மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மூலையைத் தாண்டுவதற்கே இவ்வளவு போராட்டம் என்றால், தெரியாத நிலத்தில் டென்ட் அடித்துப் படுப்பது எப்படிப் பார்க்கப்படும் என்று யோசியுங்கள். நில உரிமை காட்டும் செயலி ஒன்றைப் ஃபோனில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், சிக்னல் இல்லாமல் வேலை செய்யும்படி.

நெப்ராஸ்காவில் குழப்பமே இல்லை. மாநிலத்தில் சுமார் 97 சதவீதம் தனியார் நிலம். குறிப்பிட்ட முகாம்களில் மட்டும்தான் தங்க வேண்டும்.

மே 18, மாலை

கேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். விதி ஒன்றுதான்: திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் தாண்டியதும் மூடு. நல்ல எண்ணத்தில் திறந்த கேட்டை மூடிவிட்டால் மாடு தண்ணீர்த் தொட்டிக்குப் போக முடியாமல் வெயிலில் நிற்கும்.

அரசு நிலத்துச் சாலைகளில் பெரும்பாலும் கீல் வைத்த கேட் இருக்காது. வேலியின் ஒரு துண்டே கேட். நான்கு வரிசை முள்கம்பி, நடுவில் தொங்கும் குச்சிகள், கடைசியில் ஒரு கம்பு. அந்தக் கம்பின் அடி ஒரு கம்பி வளையத்திலும் நுனி இன்னொரு வளையத்திலும் மாட்டியிருக்கும். கம்புக்கு இந்தப் பக்கம் தோளைக் கொடுத்து, நட்டிருக்கும் தூணைக் கையால் அணைத்துப் பிடித்து, இரண்டையும் நெருக்குங்கள். மேல் வளையம் தளரும். அதைக் கழற்றிவிட்டு, அடியைத் தூக்கினால் கையோடு வரும். கழன்றதும் கம்பி துள்ளும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். தடித்த தோல் கையுறை ஒரு ஜோடி வண்டியில் இருக்கட்டும்.

பெரிய சாலைகளில் கேட்டுக்குப் பதிலாகக் குழியின்மேல் குறுக்கே குழாய்களை அடுக்கியிருப்பார்கள். சக்கரம் கடகடவென்று கடந்துவிடும். குளம்பு வழுக்கும் என்பதால் மாடு தாண்டாது.

மே 23

சரடோகா பற்றி ஒரு வரி. ஊர் நடுவே ஹோபோ வெந்நீர்க் குளம், இலவசம், இரவும் பகலும் திறந்திருக்கும். பல நாள் டென்ட்டில் படுத்த முதுகுக்கு அதைவிட மருந்து கிடையாது. சூடு அதிகம், மகளை நீண்ட நேரம் உட்கார விடாதீர்கள்.

மே 27

இப்போது மணல்மேடுகள். இதற்காகத்தான் இந்த இழையில் இவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நெப்ராஸ்காவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 19,000 சதுர மைலுக்கு மேல், வெறும் மணல்மேடு. மேற்கு அரைக்கோளத்திலேயே பெரியது. சில மேடுகள் 400 அடி உயரம். ஆனால் ஒரு பிடி மணல்கூடக் கண்ணில் படாது. அத்தனையும் புல் போர்த்திக் கிடக்கிறது. காற்று வந்தால் அந்தப் புல் முழுக்க ஒரே திசையில் சாய்ந்து நிறம் மாறும். பள்ளங்களில் நிலத்தடி நீர் மேலே எட்டிப் பார்த்து ஏரியாக நிற்கும். அடியில் இருப்பது ஒகல்லாலா நிலத்தடி நீர்த்தேக்கம். மழை விழுந்தால் ஓடி வீணாகாமல் மணல் அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது.

1862 சட்டப்படி குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்து விவசாயம் செய்யச் சொன்னார்கள். மணலில் யார் உழுவது? 1904இல் கின்கெய்ட் சட்டம் அதை 640 ஏக்கராக்கியது. அதிலும் பலர் தாக்குப்பிடிக்கவில்லை. உழுத இடத்தில் புல்வேர் அறுந்து மணல் பறந்தது. மாடு வைத்திருந்தவர்கள் விட்டுப்போனவர்களின் நிலத்தை வாங்கிச் சேர்த்தார்கள். இன்று ஒரு ராஞ்ச், அதாவது மாட்டுப் பண்ணை, என்றால் ஆயிரக்கணக்கான ஏக்கர். நமக்கு அது பணக்காரத்தனமாகத் தெரியலாம், அங்கே ஒரு தாய்மாடும் கன்றும் ஒரு வருஷம் பிழைக்கப் பத்து ஏக்கருக்கும் மேல் வேண்டும்.

ஒரு இடத்தில் அளவுக்கு மீறி மேய்ந்தாலோ மாடு ஒரே தடத்தில் நடந்தாலோ புல் கிழிந்துவிடும். அந்தக் கிழிசலில் காற்று நுழைந்து மணலைத் தோண்டித் தோண்டிப் பெரிய குழியாக்கிவிடும். சாலையிலிருந்தே சிலவற்றைப் பார்க்கலாம். சில குழிகளில் பழைய டயர்களைப் போட்டு மணலைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். விசேஷம் என்னவென்றால், ஒரு வகைப் பென்ஸ்டெமன் செடி அப்படிப்பட்ட குழியில் மட்டும்தான் வளரும். ராஞ்ச்காரர்கள் புல்லை நன்றாகக் காப்பாற்றக் காப்பாற்ற அந்தச் செடி அருகியது. 1987இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். நிலத்தைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் எல்லா உயிருக்கும் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாதபடி அது ஒரு சிக்கல்.

அலயன்ஸிலிருந்து கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே ஆன்டியாக் வரும். சாலை ஓரத்திலேயே இடிந்த கான்கிரீட் தூண்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து பொட்டாஷ் உரம் வருவது நின்றுபோனதும், இங்குள்ள உப்பு ஏரிகளிலிருந்து பொட்டாஷ் எடுத்தார்கள். திடீரென்று ஆலைகள், ஆயிரக்கணக்கில் ஆட்கள். போர் முடிந்து ஜெர்மன் சரக்கு திரும்ப வந்ததும் 1921 வாக்கில் எல்லாம் போய்விட்டது. நீண்ட நேரம் நிற்க வேண்டாம், ஆனால் நிற்காமல் போகவும் வேண்டாம்.

மே 28

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது என் மாமனார் நினைவு வந்தது. காங்கேயம் பக்கத்துக்காரர். கிளுவை வேலி போட்ட கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாடு மேய்த்து வளர்ந்தவர். இங்கே வந்திருந்தபோது அவரையும் இந்த வழியில் கூட்டிப் போனோம். மலை உச்சியில் நின்று "நல்லா இருக்குதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். மணல்மேட்டுப் பக்கம் போனதும் ஆள் மாறிவிட்டார்.

ஹயானிஸ் தாண்டி ஒரு பக்கச் சாலையில் காற்றாடி பம்பு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கிறீச், கிறீச் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் விரற்கடை அளவு தண்ணீர் குழாயிலிருந்து தொட்டியில் விழும். தொட்டி நிறைந்து வழிந்த இடத்தில் மட்டும் அடர்பச்சை. அவர் வேலிக்கு இந்தப் பக்கமே நின்று மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மடி, முதுகு, கன்றின் வயிறு. பக்கத்தில் வண்டியை நிறுத்திய ராஞ்ச்காரரிடம் கணவரை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேள்வி மேல் கேள்வி: ஒரு காட்டில் எத்தனை நாள் விடுவீர்கள், புல் எவ்வளவு மிச்சம் இருக்கும்போது மாற்றுவீர்கள், காளை எத்தனை மாட்டுக்கு ஒன்று? அந்த மனிதரும் அவசரமே படாமல் பதில் சொன்னார். பாதியை விட்டுப் பாதியைத்தான் மேய விடுவோம் என்று அவர் சொன்னதும் மாமனார் "நாங்களும் அப்படித்தானுங்க" என்று தமிழிலேயே சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

உங்கள் அப்பா எந்த ஊர் என்று தெரியாது. நிலத்தோடு பழகியவர் என்றால் மலையைவிட இங்கேதான் அதிகம் பேசுவார்.

ஜூன் 2

அப்பா ஐந்து மாடு வைத்திருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இனி வாதமே இல்லை, கிளம்புங்கள்.

ஹால்சி முகாம். மரமே இல்லாத நாட்டில் திடீரென்று ஒரு பைன் காடு தெரியும். இயற்கைக் காடு இல்லை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் சார்லஸ் பெஸ்ஸி மணலிலும் மரம் வளரும் என்று விடாப்பிடியாகச் சொல்ல, 1902இல் தியடோர் ரூஸ்வெல்ட் ஒதுக்கிய நிலத்தில் கையாலேயே நட்ட காடு அது. சுமார் 20,000 ஏக்கர் நட்டார்கள். அந்த நாற்றங்கால் இன்றும் இயங்குகிறது. முகாமில் நிழல் உண்டு, குளிக்க வசதி உண்டு, பக்கத்தில் மிடில் லூப் ஆறு.

2022 அக்டோபரில் இங்கே பரவிய தீ, காட்டில் ஒரு பகுதியையும் பழைய கண்காணிப்புக் கோபுரத்தையும் பிள்ளைகளின் முகாம் கட்டடத்தையும் அழித்தது. அணைக்கப் போன உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். இந்தப் பக்கத்தில் தீயணைப்பு வண்டியை ஓட்டி வருவது சம்பளக்காரர்கள் இல்லை, புல் அறுத்துக்கொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும் ராஞ்ச்காரர்கள். காற்றடிக்கும் நாளில் தீ மூட்டாதீர்கள், தடை இல்லை என்றாலும். மூட்டினால் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை வைத்துப் பார்த்துக் குளிர்ந்த பிறகு படுங்கள். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தவும் கூடாது, புகைக்குழாயின் சூடே போதும். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாமல் அங்கேயே வாங்குங்கள். மரத்தைத் தின்னும் வண்டு விறகோடுதான் ஊர் மாறுகிறது.

டென்ட் முளை: மலையில் பயன்படுத்தும் மெல்லிய ஆணி மணலில் நிற்காது. அகலமான, நீளமான முளை வாங்குங்கள். பாத்திரமோ பையோ மணலில் புதைத்துக் கயிறு கட்டினாலும் நிற்கும். புல்லோடு நெருஞ்சியைப் போன்ற ஒரு முள்காய் இருக்கிறது. வெறுங்காலோடு நடக்க முடியாது, காற்றடித்த மெத்தையையும் குத்திவிடும். டென்ட்டுக்கு அடியில் தடித்த தார்ப்பாய் போடுங்கள். மாலையில் ஷூவை டென்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சலசலப்புப் பாம்பு (ரேட்டில்ஸ்நேக்) அந்தப் பக்கம் உண்டு, புல்லில் கைவிடும்முன் பாருங்கள். உண்ணி உண்டு, இரவில் மகளின் தலைமுடியையும் காதுப் பின்புறத்தையும் தடவிப் பாருங்கள்.

ஜூன் 5

யோசித்துப் பார்த்தேன். முதலில் சொன்ன வழியில் ஸ்னோயி ரேஞ்ச் இருக்கிறது. சாலையின் உச்சி 10,847 அடி, ஏரிக்கு மேலே செங்குத்தாக வெள்ளைப் பாறை, ஜூன் கடைசியிலும் ஓரத்தில் பனி. அழகுதான். ஆனால் டிரெயில் ரிட்ஜ் போய்வந்த பிறகு அப்பாவை இரண்டாவது முறை அந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டுமா? அவர் முதல் உயரத்தை எப்படித் தாங்குகிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் வால்டனிலிருந்து வடகிழக்கே 127, 230 எண் சாலைகள் வழியாக நேரே லாரமி. மேய்ச்சல் நிலம் அந்த வழியிலும் கிடைக்கும், சரடோகா வெந்நீர்தான் போகும்.

பெட்ரோல்: வால்டனில் நிரப்புங்கள். லாரமியில் நிரப்புங்கள். அலயன்ஸில் கண்டிப்பாக நிரப்புங்கள். அடுத்து ஹயானிஸ் சுமார் 60 மைல், அது மிகச் சிறிய ஊர், இரவில் நம்ப முடியாது. பாதி டேங்க் என்பதைக் காலி என்று எண்ணிப் பழகுங்கள். குடிதண்ணீர் ஒரு பெரிய கேன் எப்போதும் வண்டியில்.

ஜூன் 12

சிதறலாகச் சில.

முல்லனுக்கும் ஹால்சிக்கும் நடுவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். முகாம் அலுவலகம் மூடும் நேரத்தைக் கணக்குப் போடும்போது ஞாபகம் இருக்கட்டும்.

2ஆம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. வயோமிங்கின் பவுடர் ரிவர் பக்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய ரயில்கள், மைல் நீளத்துக்கு. ராத்திரி முகாமிலும் கேட்கும். மகளுக்குப் பிடிக்கும், அப்பாவுக்குக் காதில் வைக்கப் பஞ்சு.

மாடு தண்ணீர் குடிக்கும் வட்டத் தொட்டியையே படகாக்கி, உள்ளே பெஞ்சு போட்டு, ஆற்றில் மிதக்க விடுகிறார்கள். வேகமே கிடையாது, தானாகச் சுற்றிச் சுற்றிப் போகும். முல்லன் பக்கத்தில் வாடகைக்குக் கிடைக்கும். அப்பாவையும் உட்கார வைக்கலாம்.

சாலையில் மஞ்சள் கோடு போட்ட ஓட்டோடு சின்ன ஆமை கடக்கும். பாதுகாப்பாக நிறுத்த முடிந்தால், அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே ஓரத்தில் எடுத்து விடுங்கள்.

ஒரு ராத்திரி கூடுதலாக இருந்தால் வடக்கே மெரிட் நீர்த்தேக்கம். 2022இல் நெப்ராஸ்காவின் முதல் இருள்வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது. நிலா இல்லாத நாளாகப் பாருங்கள். ஜூன் 25 அமாவாசை, உங்கள் தேதிக்கு ஒட்டி வருகிறது.

ஜூன் 19

கன்றுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பதை அப்பா பார்க்க விரும்புகிறார் என்று கேட்டிருந்தீர்கள். அது அக்கம்பக்கத்து வீடுகள் ஒன்றுகூடிச் செய்யும் வேலை, பெரும்பாலும் மே, ஜூன் தொடக்கத்தோடு முடிந்திருக்கும். அழைப்பில்லாமல் போய் நிற்பது சரியில்லை. கூட்டம் தெரிந்தால் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு நகருங்கள்.

அதற்குப் பதில் கால்நடை ஏலக் கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். உங்கள் வழியில் டாரிங்டனில் பெரிய கூடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம், காசு கிடையாது. கோடையில் ஏல நாட்கள் குறைவு, கிளம்பும் முன் ஃபோனில் கேட்டுக்கொள்ளுங்கள். மாடு ஒரு கதவு வழியாக வட்டத்துக்குள் வரும், தராசு எடை பலகையில் எரியும், ஏலக்காரர் மூச்சுவிடாமல் பாடுவது போலக் கத்துவார், அரை நிமிடத்தில் விற்று மறு கதவு வழியாகப் போய்விடும். எடை போட்டு, பவுண்டுக்கு இத்தனை என்று பேசும் முறை அப்பாவுக்குப் புதிதாக இருக்கும். முன்வரிசையில் வாங்குபவர்கள் உட்காருவார்கள், நீங்கள் மேல்வரிசைக்குப் போங்கள். ஏலம் நடக்கும்போது கையை உயர்த்தி யாருக்கும் வணக்கம் வைக்க வேண்டாம் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.